வெள்ளைப் பனி ஏன் அழுக்கு வேட்டியாகிறது?

எல்.டி.சி.யில் மணாலி போகிறீர்கள். புது மனைவி, வாடகைக் கம்பளிக் கோட்டு, தோளில் அப்பாவின் பழைய ஃபிலிம் காமிரா. ரோலில் முப்பத்தாறே படம். ஊர் திரும்பி பிரிண்ட் போட்டால்... பனி, சோப்பையே பார்க்காத வேட்டி மாதிரி சாம்பல் நிறம்! மனைவி முகம் கரிக்கட்டை. அப்புறம் வீட்டில் சோறு கிடைக்குமா ஸார்?

காமிராவுக்குள் உட்கார்ந்திருக்கும் லைட் மீட்டர் ஓர் அப்பாவி குமாஸ்தா. உலகத்தில் எல்லாமே நடுத்தரச் சாம்பல், விழுகிற ஒளியில் சுமார் 18 சதவிகிதத்தைத்தான் திருப்பி அனுப்பும் என்பது அதற்குத் தெரிந்த ஒரே ரூல். புதுப் பனியோ 80 சதவிகிதத்துக்கு மேல் திருப்பியடிக்கும். 'ஐயையோ, வெளிச்சம் ஜாஸ்தி!' என்று பயந்து மீட்டர் குறைத்துவிடும். எருமையைக் காட்டினால் நேர்மாறு. வெளிச்சத்தைக் கூட்டி அதையும் சாம்பலாக்கும்!

வைத்தியம் சுலபம். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். ஷட்டர் 250 என்று சொன்னால் 125 அல்லது 60. ஆட்டோமேடிக் காமிராவா? 100 ஃபிலிமைப் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஓ. டயலை 50-லோ 25-லோ வைத்து ஏமாற்றுங்கள். அல்லது கையுறையைக் கழற்றி, அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை மீட்டருக்குக் காட்டி, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும்; ஸ்லைடு பொறுக்காது. குளிரில் பாட்டரி படுத்துவிடும். ஸ்பேர் ஒன்றைச் சட்டையின் உள் பாக்கெட்டில் வையுங்கள்.

ஊட்டியில் 1967-ல் ஃபிலிம் தயாரிக்க ஆரம்பித்த 'இந்து' தொழிற்சாலை மூடியாகிவிட்டது. இன்றைக்கு வெளிநாட்டு ரோல்தான், விலையோ எக்கச்சக்கம். அதனால் ஒத்திகை அவசியம்.

எங்கே? திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு. அங்கே ஸ்நோ விழாது. ஆனால் மார்கழி விடியலில் பனிமூட்டம் கிடைக்கும். தமிழில் அதுவும் பனி, இதுவும் பனி. மீட்டர் ஏமாறுவதும் அதே கணக்குதான். மூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரு ஸ்டாப் போதும். ஒரே காட்சியை மூன்று தரம் எடுங்கள்: மீட்டர் சொன்னபடி, ஒன்று கூட்டி, இரண்டு கூட்டி. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். லேபில், "கரெக்ஷன் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கி உங்கள் பரீட்சையைக் கெடுத்துவிடும்.

பரீட்சையில் பாஸானால் மணாலிக்கு டிக்கெட் போடலாம். சர்க்கார் உத்தியோகத்தில் அகில இந்திய எல்.டி.சி. நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அதுவரை மனைவி பொறுப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்!