அடையாற்று முகத்துவாரத்தின் மணலும் வண்டலும்

சென்னையில் சாந்தோமுக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு சமுத்திரத்தில் கலக்கிறது. கோடையில் அவ்விடம் செல்வோர் முதலில் காண்பது, ஆற்றின் வாயை அடைத்துக் கிடக்கும் மணல் மேட்டையே. இம்மணல் ஆறு கொண்டுவந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அஃது சரியன்று.

இதில் பெரும்பகுதி கடல் தந்ததாகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் அது தெற்கே திரும்புமாயினும், வருஷக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. 1875-ல் அஸ்திவாரமிட்ட துறைமுகத்திற்குத் தென்புறம் மணல் சேர்ந்து மெரீனாக் கடற்கரை அகன்றதும், வடபுறம் ராயபுரம் முதலிய இடங்களைக் கடல் அரித்ததும் இதனாலேயே. இங்குக் கடலின் ஏற்றவற்றம் மிகவும் சொற்பமாதலால், ஆற்றில் பிரவாகம் குன்றியவுடன் மணல் வாயை மூடிவிடுகிறது.

வண்டலின் வரலாறு வேறு. மழைக்காலத்தில் மேட்டு நிலங்களிலிருந்து கரைந்து வரும் நுண்ணிய களிமண், உப்புநீர் பட்டதும் துகளோடு துகள் ஒட்டித் திரண்டு அடியில் படிகிறது. கலங்கிய ஜலத்தில் படிகாரம் இட்டால் தெளிவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். முகத்துவாரத்தின் சேற்றுத் திட்டுகள் இவ்வாறு உண்டானவை. நண்டும் மீன் குஞ்சும் அவற்றை அண்டி வாழ்கின்றன. அவற்றைத் தேடிப் பறவைகளும் வருகின்றன. வண்டல் அளவோடு வந்தால் திட்டு நிலைக்கும். மிஞ்சினால் கழி மேடாகி ஜலம் தங்க இடமிராது. மயிலாப்பூர்ப் பக்கத்துக் கழியில் வண்டலோடு குப்பையும் கட்டிட இடிபாடும் சேர்ந்தன. அவற்றை அகற்றிச் சீர்செய்த 58 ஏக்கர் பரப்பே 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா.

1943-ஐத் தேட வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் யாவர் நினைவிலும் உள்ளது. அப்பொழுது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் வினாடிக்கு 29,000 கன அடி ஜலம் திறந்துவிடப்பட்டது. ஆற்றின் வாயைத் தோண்டினாலே போதுமென்பார் உளர். தோண்டிய இடத்தைக் கடல் மீண்டும் தூர்க்கும். ஆகவே அவ்வேலை ஆண்டுதோறும் செய்யத்தக்கது. ஆனால் மேலேயுள்ள ஏரிகள் தூர்ந்து கிடக்குமாயின், அவற்றில் தங்கவேண்டிய ஜலமும் மண்ணும் ஒருங்கே கீழே வரும். இது மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்கவேண்டிய விஷயம்.

ஏரி வண்டலை வண்டி வண்டியாக நிலத்திற்கு அடித்தல் நம் குடியானவர்களின் பழைய வழக்கம். 2017-ல் அரசாங்கத்தார் அதனைக் கட்டணமின்றி எடுக்க வழிசெய்தனர். ஏரி வற்றிய கோடையில் எடுத்து, முதல் மழைக்கு முன் பரப்பி உழுதல் நலம். மணற்பாங்கான நிலமும் செம்மண் நிலமும் இதனால் ஈரத்தை அதிகம் தாங்கும். கரையோரத்தில் மட்டும் தோண்டலாகாது, கரை பலவீனப்படும். முகத்துவாரச் சேற்றையோ வயலுக்கு ஒருபோதும் அடிக்கலாகாது. அதில் உப்பும் நகரக் கழிவும் கலந்துள்ளன.