தெமோதரையின் வளையம்

நேயர்களே, ஒரு புகையிரதம் தான் நின்று புறப்பட்ட நிலையத்திற்கு அடியிலேயே, சில நிமிஷங்கள் கழித்து, நுழைந்து செல்லுமென்றால் நம்புவீர்களா?

மாதிரிப் புகையிரதங்களை ஓட்டி மகிழும் சங்கத்தார், மேசையின் குறுகிய பரப்பிலே மேல்தட்டுப் பாதையையும் கீழ்த்தட்டுப் பாதையையும் இணைக்க வேண்டி வந்தால், தண்டவாளத்தை வட்டமாகச் சுழற்றி இறக்குவது வழக்கம். அந்த உபாயத்தை நிஜமான மலையிலே பிரயோகித்த இடம், நமது ஊவாவில், எல்லவுக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள தெமோதரை.

நேராக இறக்கினால் சரிவு அளவு கடந்துவிடும் என்பதனால், நிலையத்தை விட்டு நகரும் பாதையை, அருகிலுள்ள குன்றை வளைத்து, தேயிலைச் சரிவுகளின் ஓரமாக மெல்ல மெல்லத் தாழ்த்திக் கொண்டுபோய், முடிவில் அதே நிலையத்தின் கீழே குடைந்த சுரங்கத்தின் வழியாகச் செலுத்திவிட்டார்கள் அக்காலப் பொறியியலாளர்கள். சற்று முன்னர் பிரயாணிகள் வடை வாங்கி நின்ற மேடை, இப்போது அவர்களுடைய தலைக்கு மேலே இருக்கும்!

இத்தகைய சாமர்த்தியங்களெல்லாம் சேர்ந்தே, 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பதுளை நிலையத்தின் திறப்பு நாளைச் சாத்தியமாக்கின. தோட்டங்களின் தேயிலைக்குக் கொழும்பு வரை இருப்புப்பாதையும் கிட்டியது.

அடுத்த முறை பதுளைக்குப் புறப்படும்போது, ஜன்னலோர ஆசனம் கிடைத்தால் யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள், நேயர்களே!