போத்தல் மருந்தா, புது ஒயிலா?

இடம்பெயர்ந்த குடும்பமொன்று வேறொருவரின் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நடும்போது, அதற்குச் சொந்தமென்று இருப்பது பெரும்பாலும் இரண்டு மண்வெட்டியும் ஒரு நீரிறைக்கும் மெசினுமே. காணியும் கிணறும் மற்றவருடையவை, மெசின் நம்முடையது. அது நின்றால் செம்மண்ணில் நிற்கும் பயிர் மூன்றாம் நாளே வாடத் தொடங்கும். இந்தப் பயம் நமக்கு இருப்பதால்தான், உதிரிப்பாகக் கடையில் "ஒயிலோடு இதையும் விட்டால் எஞ்சின் புதிதாகும்" என்று ஒரு சிறு போத்தலை நீட்டும்போது கை தானாகவே பணத்தை எடுக்கிறது. அந்தச் செலவு தகுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒயிலுக்குள் ஏற்கனவே இருப்பது

எஞ்சின் ஒயில் வெறும் எண்ணெய் அல்ல. தேய்மானத்தைக் குறைக்கும் நாகச் சேர்மம், கரியைக் கழுவும் பொருள், கழுவிய அழுக்கை அடியில் படியவிடாது மிதக்க வைக்கும் பொருள், சூட்டில் ஒயில் கெடாமற் காக்கும் பொருள் ஆகியவற்றை உற்பத்தியாளர்கள் அளவறிந்து சேர்த்தே தகரத்தில் அடைக்கின்றனர். ஆகவே, ஓடிய ஒயில் கறுத்திருப்பது கெட்டுப்போனதற்கு மட்டும் அடையாளமன்று. அழுக்கைத் தன்னுள் வாங்கியிருக்கிறது என்பதற்கும் அடையாளமாகும். இந்தக் கலவையில் நாம் மேலும் ஒன்றை ஊற்றினால், அளவு குழம்பலாமே தவிர நன்மை உறுதியில்லை.

அமெரிக்காவில் நடந்தது

இத்தகைய மருந்துகளை விற்றோர் பெரிய நாடுகளிலும் இதே வாக்குறுதிகளையே கொடுத்தனர். 'ஸ்லிக் 50' என்ற பெயர்பெற்ற சேர்மானத்தின் விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1996 இல் குற்றஞ்சாட்டியது. தகுந்த சான்றின்றி அவ்வாறு விளம்பரம் செய்வதில்லை என்று 1997 இல் இணக்கம் காணப்பட்டது. பின்னர் 'டியூரா லூப்', 'மோட்டார் அப்' போன்றவற்றின் மீதும் இதேபோன்ற நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. ஆய்வுகூடங்களும் சட்டமும் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், பெயர் தெரியாத போத்தலை நாம் எதை நம்பி வாங்குவது?

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். எஞ்சின் சூடேறுமுன் மண்ணெண்ணெய் முழுமையாக எரிவதில்லை. எரியாத பகுதி பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் மட்டம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், அல்லது ஒயிலில் மண்ணெண்ணெய் மணத்தால், உடனே மாற்ற வேண்டும். நீர்த்துப்போன ஒயிலை எந்த மருந்தும் திருத்தாது.

மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய மெசினைப் பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

எப்போது மாற்றுவது?

நம் தோட்டங்களில் காணப்படும் ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 வகைக்குப் பிடிப்பது சுமார் 0.6 லீற்றர் ஒயில் மாத்திரமே. புது எஞ்சினுக்கு முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றவேண்டும். மூன்று நாளுக்கொருமுறை நான்கு மணித்தியாலம் இறைப்பவருக்கு 25 இறைப்பில் 100 மணித்தியாலம் முடிந்துவிடும். அதாவது, ஏறக்குறைய ஒரு வெங்காயப் போகத்துக்கு ஒரு மாற்று. மண்ணெண்ணெயில் ஓட்டுபவர் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

இவ்வகைச் சிறு எஞ்சினில் ஒயிலை வடிகட்டும் பில்ற்றர் கிடையாது. அழுக்கு வெளியேற ஒரே வழி ஒயிலை மாற்றுவதுதான். காற்று வடியையும் 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை துப்புரவாக்குங்கள்; செம்மண் தூசு பறக்கும் இடங்களில் இன்னும் அடிக்கடி செய்யவேண்டும். உள்ளே போகும் தூசு அரத்தைப் போல் றிங்கை அராவும்.

ஒயில் வாங்கும்போது தகரத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏ.பீ.ஐ. தரக் குறியீடு 'எஸ்' எழுத்தில் தொடங்கினால் பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கு. 'சி'யில் தொடங்கினால் லான்ட்மாஸ்டர் போன்ற டீசல் எஞ்சின்களுக்கு. இரு அடிப்பு எஞ்சின்களுக்கு எரிபொருளோடு கலக்கும் '2ரி' ஒயில் வேறு, அது அவசியமானது. அதை இந்த மருந்துகளோடு சேர்த்து எண்ணவேண்டாம்.

நீலப் புகை வந்தால்

நீலப் புகை என்பது ஒயில் எரிகிறது என்பதன் அறிகுறி. தடித்த மருந்தை ஊற்றினால் சில நாட்களுக்குப் புகை குறையலாம். தேய்ந்த இரும்பு வளராது. நல்ல மெக்கானிக் ஒருவர் எஞ்சினின் அமுக்கத்தை அளந்து, பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளப்பார். அமுக்கம் கூடினால் பழுது றிங்கில். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வில். போத்தல்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்தால் றிங் மாற்றும் செலவுக்கு உதவும்.

கழிவு ஒயில்

கழற்றிய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவேண்டாம். நம் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக ஓடுவது. ஒருவர் ஊற்றியது அயலவரின் கிணற்றுக்கும் போகும். சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெயால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. ஆனால் பணம் கிணற்றைக் கழுவாது. ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் வாங்கும் கராஜில் கொடுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, ஒவ்வொரு இறைப்பும் எவ்வளவு பாரமென்று நாம் உணர்ந்தோம். கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று இயேசு உவமையாகச் சொன்னது தோட்டக்காரருக்கும் பொருந்தும். அடுத்தமுறை கடைக்குப் போகும்போது போத்தலின் விலையையும் ஒரு லீற்றர் நல்ல ஒயிலின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். பின்னர் ஒயிலை வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மாற்றிய திகதியை மெசினிலேயே எழுதி வையுங்கள். அந்தத் திகதிதான் மெசினுக்கு உண்மையான மருந்து.