காசு போல ஒரு விளம்பரம்

சிகாகோ என்ற ஊரின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்காவில் இருக்கிறது. 1893ஆம் ஆண்டில் விவேகானந்தர் பேசிப் புகழ் பெற்ற ஊர் அது.

அதே ஆண்டு அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் நடந்தது. 2 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது.

இவ்வளவு கூட்டம் கூடும் இடத்தில் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பித்தளையிலும் அலுமினியத்திலும் டோக்கன் அடித்தார்கள். பார்த்தால் காசு போலவே இருக்கும். ஒரு பக்கம் பொருட்காட்சிக் கட்டடம் அல்லது கொலம்பஸின் முகம். மறு பக்கம் கடையின் பெயரும் சரக்கின் பெயரும்.

நோட்டீஸ் கொடுத்தால் கசக்கி எறிந்து விடுவோம். காசு போல இருப்பதை எறிய மனம் வருமா? டோக்கன் சட்டைப் பையில் வீட்டுக்குப் போகும். கடையின் பெயரும் கூடவே போகும்.

ஹைன்ஸ் என்பவர் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்றார். அவர் கடை மாடியில் இருந்தது. படி ஏறி வர ஆள் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சிறு அட்டைகளை அச்சடித்தார். பொருட்காட்சி எங்கும் போடச் செய்தார். அட்டையைக் கொண்டு வந்தால் ஒரு பரிசு இலவசம். பரிசு என்ன? பச்சை நிறத்தில் குட்டி வெள்ளரிக்காய் பொம்மை! அதற்காக மக்கள் மாடி ஏறினார்கள். கூட்டம் தாங்காமல் மாடித் தளத்தையே பலப்படுத்த வேண்டி வந்தது.

அன்று சும்மா கிடைத்த டோக்கன்களை இன்று விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். அந்தக் கடைகளில் பல இன்று இல்லை. அவை இருந்ததற்கு டோக்கன்தான் சாட்சி.

பழையது என்பதால் மட்டும் விலை கூடாது. நிறையக் கிடைப்பது மலிவு. அரிதாகக் கிடைப்பதற்கே விலை அதிகம். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் மதிப்பு குறைந்து விடும். போலிகளும் உண்டு. வார்த்து எடுத்த போலியில் எழுத்து மழுங்கி இருக்கும். அதனால் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குவார்கள்.

நம் நாட்டிலும் பழைய காசு சேர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்களும் உண்டு. "உங்கள் பழைய காசுக்கு லட்ச ரூபாய் தருகிறோம். முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். பணம் கட்டியதும் மறைந்து விடுவார்கள். இவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வது உண்டு. அதை நம்ப வேண்டாம் என்று 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

உங்கள் பொருளை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?