விறகு பிளக்கும் இயந்திரம் பாதியில் திணறுவது ஏன்?

கோடாலி வேகத்தால் பிளக்கிறது. ஹைட்ராலிக் இயந்திரமோ அழுத்தத்தால். 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன்மேல் எண்ணெய் சதுர செ.மீ.க்கு 175 கிலோ வீதம் அழுத்தினால், கட்டையின்மேல் சுமார் 13.7 டன் விசை!

பிறகு ஏன் திணறல்? எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். உறிஞ்சு குழாயின் கிளிப் தளர்ந்தால் காற்று புகும். எண்ணெய் நுரைக்கும், தண்டு விட்டுவிட்டு நகரும். எண்ணெய் பால்போல் வெளுத்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. சூடேறியதும் மட்டும் வலு குறைந்தால், நீர்த்துப்போன எண்ணெய் தேய்ந்த பிஸ்டன் சீல் வழியாகவோ பம்பின் பற்சக்கர இடுக்கிலோ நழுவுகிறது என்று சந்தேகிக்கலாம்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். தள்ளி நின்று அட்டைத் துண்டை நீட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிய பிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.