டிஸ்கஸ் மீன்: ஒரே பெயர், எதிரெதிர் மீன்கள்

அலங்கார மீன் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்ப இந்த வாரம்தான் கடைசி. படிவத்தில் 'அறிவியல் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிஸ்கஸ் வளர்க்கும் வாசகர்கள் பலர் அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன பெயரும் கையில் உள்ள புத்தகத்தின் பெயரும் ஒத்துப்போகவில்லை, எதை எழுதுவது என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன.

அவசரக்காரர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கொளத்தூர் கடையில் வாங்கிய மீன் என்றால் 'சிம்பைசோடான்' என்ற பேரினப் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'பண்ணைக் கலப்பு' என்று குறித்துவிடுங்கள். அதற்கு மேல் எழுதுவது ஊகம். அமேசானில் நேரடியாகப் பிடித்த மீனுக்கே எந்தப் பெயர் என்பதில் மீனியல் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. அந்த வழக்கு நடக்கும் விதம் சுவையானது, கொஞ்சம் கவலை தருவதும்கூட.

வழக்கு எங்கே தொடங்கியது?

முதல் பெயரில் சிக்கல் இல்லை. யோகான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் அலைந்து திரட்டி வியன்னாவுக்கு அனுப்பிய மீன்களில் ஒன்றை, 1840-ல் யோகான் யாக்கோப் ஹெக்கல் 'சிம்பைசோடான் டிஸ்கஸ்' என்று விவரித்தார். ரியோ நீக்ரோவின் கறுப்பு நீரில் வாழும் மீன் அது. உடலின் ஒன்பது பட்டைகளில் முதலாவதும் ஐந்தாவதும் ஒன்பதாவதும் தடித்திருக்கும். நடுப்பட்டையைப் பார்த்தாலே அடையாளம் சொல்லிவிடலாம்.

1904-ல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் ழாக் பெல்லெக்ரான், பட்டைகள் எல்லாம் ஒரே தடிமனில் இருக்கும் மீன்களைப் பிரித்தெடுத்து 'ஈக்விஃபாசியேட்டஸ்' என்று பெயரிட்டார். வில்லங்கம் இங்கேதான் நுழைந்தது. அவர் பார்த்த மீன்கள் ஒரே இடத்தவை அல்ல. சில மேற்கே டெஃபேயிலிருந்து வந்தவை, சில கிழக்கே சன்டரேமிலிருந்து. இரண்டு ஊருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அமேசான் ஓடுகிறது. டெஃபே பக்கத்து மீன் பச்சை, உடலில் செந்நிறப் புள்ளிகள் உண்டு. சன்டரேம் பக்கத்து மீன் பழுப்பு அல்லது நீலம்.

புட்டிக்குள் இருக்கும் மீன் எப்படி ஆட்சி செய்கிறது?

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகள், ஒரு பெயரை ஓர் உயிரினத்தோடு கட்டுவதில்லை. பாதுகாத்து வைத்த ஒரு மாதிரியோடு கட்டுகின்றன. அதற்கு வகைமாதிரி என்று பெயர். விவரிப்பில் பிழை இருக்கலாம், படம் தப்பாக இருக்கலாம், பெயர் வைத்தவர் மனத்தில் வேறு மீன் இருந்திருக்கலாம். பத்திரத்தில் எல்லையை எப்படி வர்ணித்திருந்தாலும் சர்வே கல் நிற்கும் இடமே கணக்கு என்பதைப் போல, வகைமாதிரி எந்த இனமோ அந்த இனத்துக்கே பெயர் போகும்.

பல மாதிரிகளை வைத்து ஒருவர் பெயரிட்டு, அவை பிறகு வெவ்வேறு இனம் என்று தெரிந்தால்? பின்னால் வரும் ஆய்வாளர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விதிப்படி முதலில் செய்த தேர்வு எல்லோரையும் கட்டுப்படுத்தும். மற்ற மாதிரிகள் அந்த உரிமையை இழந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. அறிஞர்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள், புட்டியில் இருக்கும் மீன் மாறாது. ஆனால் டிஸ்கஸ் விஷயத்தில் அது மாறிவிடுகிறது. சாராயத்தில் ஊறிய மீனில் பச்சையும் நீலமும் சிவப்பும் போய்விடும், கறுப்புப் பட்டைகள் மட்டுமே மிஞ்சும். மேற்கத்திய மீனையும் கிழக்கத்திய மீனையும் பிரித்துக் காட்டுவது முக்கியமாக அந்த நிறங்கள்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் வாய் திறக்காது. எங்கே பிடித்தது என்று எழுதிய சீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

விளைவைப் பாருங்கள். 2006-ல் ஜொனாதன் ரெடியும் சக ஆய்வாளர்களும் ஈக்விஃபாசியேட்டஸ் என்ற பெயரைக் கிழக்கத்திய பழுப்பு, நீல மீன்களுக்கு வைத்துக்கொண்டு, மேற்கத்திய பச்சை மீனுக்கு 'டார்சூ' என்ற பழைய பெயரை மீட்டெடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஹைக்கோ பிளெஹர், ஆக்ஸல் மேயர் உள்ளிட்டோரின் குழு, ஈக்விஃபாசியேட்டஸ் என்பது பச்சை மீன்தான் என்றது. பழுப்புக்கும் நீலத்துக்கும் 'ஹரால்டி' என்ற பெயரைக் கொடுத்தது. ஆற்றில் மூன்று இனம் என்பதில் இரு தரப்பும் ஒன்று. ஆனால் 2006 கட்டுரையைப் படித்த வியாபாரியிடம் ஈக்விஃபாசியேட்டஸ் கேட்டால் பழுப்பு மீன் வரும், 2007 கட்டுரையைப் படித்தவரிடம் கேட்டால் பச்சை மீன் வரும்.

இந்த டார்சூ யார்?

ஆள் இல்லை, நிறுவனம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த 'டார்பன் ஜூ' என்ற விலங்கு இறக்குமதி நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி வைத்தது. பட்டியல்கள் 'லயன்ஸ், 1959' என்று குறிக்கும் அந்த விவரிப்பு வந்தது ஆய்விதழில் அல்ல, மீன் வளர்ப்போர் படிக்கும் ஒரு பொழுதுபோக்குப் பத்திரிகையில். புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று அறிவிக்கும் தொனி அதில் உண்டு. ஆனாலும் அன்றைய விதிக்கு அது போதும். வகைமாதிரியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1999-க்குப் பிறகு வெளிவந்த பெயர்களுக்குத்தான்.

வியாபாரிதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்மித்சோனியனில் பணியாற்றிய லெனார்ட் ஷல்ட்ஸும் 1960-ல் தன் டிஸ்கஸ் ஆய்வை ஒரு பொழுதுபோக்கு இதழில்தான் வெளியிட்டார். அதில் அவர் வைத்த துணையினப் பெயர்களில் ஒன்று 'ஆக்ஸெல்ராடி'. அந்த இதழின் பதிப்பாளர் ஹெர்பர்ட் ஆக்ஸெல்ராட். 2007 குழு எடுத்தாண்ட ஹரால்டியும் அதே கட்டுரையில் பிறந்ததுதான்.

'ஏற்கப்பட்ட பெயர்' என்றால் யார் ஏற்றது?

பட்டியலை நடத்துபவர். அவர் எந்தக் கட்டுரையை நம்பினார் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. மீன்களுக்கான இணையத் தரவுத்தளமான ஃபிஷ்பேஸ் இன்று டிஸ்கஸ், ஈக்விஃபாசியேட்டஸ், டார்சூ என்று மூன்று இனங்களை வைத்திருக்கிறது. ஸ்வீடனின் ஸ்வென் குல்லாண்டர் 1996-ல் இரண்டு இனம் போதும், துணையினம் எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். பெயர்களுக்கென்றே ஒரு சர்வதேச ஆணையம் உண்டு. எந்தப் பெயர் செல்லும் என்று அது சொல்லும். இது தனி இனமா என்று கேட்டால், அது எங்கள் வேலை இல்லை என்றுவிடும். ஆகவே 'அதிகாரபூர்வமான இனம்' என்று கடையில் சீட்டு ஒட்டியிருந்தால், எந்த அதிகாரம் என்று கேளுங்கள்.

மரபணுச் சோதனை தீர்த்துவைக்காதா?

பாதிதான். 2006 ஆய்வு தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தது. மேற்கத்திய பச்சை மீன் தெளிவாகப் பிரிந்தது. ஹெக்கலின் மீனும் பழுப்பு, நீல மீன்களும் சுத்தமாகப் பிரியவில்லை. இனங்கள் கலந்ததால் இருக்கலாம், பிரிந்து அதிக காலம் ஆகாததாலும் இருக்கலாம். ஆக, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஐந்தாம் பட்டையை இந்த மரபணு கண்டுகொள்ளவில்லை, மரபணு பிரித்துக் காட்டும் பச்சையைப் புட்டியில் பார்க்க முடியாது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

'பிஜன் பிளட்', 'டர்க்காய்ஸ்' எந்த இனம்? இனமே இல்லை, பண்ணை ரகங்களின் வியாபாரப் பெயர்கள்.

பட்டையை எண்ணிக் கண்டுபிடிக்கலாமா? மீன் மிரண்டால் பட்டை கறுக்கும், நிதானமானால் மங்கும். பிஜன் பிளட்டில் பட்டையே கிடையாது.

ஆக்ஸெல்ராடி என்று விற்கிறார்களே? பழுப்பு மீனின் பழைய பெயர், இன்றைய பட்டியல்களில் தனி இடம் இல்லை.

வகைமாதிரி தொலைந்துபோனால்? தேவை இருக்கிறது என்று காட்டிப் புதிய ஒன்றை நியமிக்கலாம்.

நானே ஒரு புதிய மீனுக்குப் பெயர் வைக்கலாமா? தாராளமாக. பட்டம் தேவையில்லை. வகைமாதிரியைக் குறிப்பிட்டு முறையாக அச்சிட வேண்டும், இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களின் பதிவேடான ஸூபேங்க்கில் முன்கூட்டியே பதிய வேண்டும். உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளக்கூட விதியில் தடை இல்லை, சக ஆய்வாளர்கள்தான் சிரிப்பார்கள்.