வெற்றிடத்தின் எல்லையும் அளவுகோலின் எல்லையும்

வெற்றிடம் என்ற சொல்லை ‘ஒன்றுமில்லாத இடம்’ என்ற பொருளில் வழங்குகிறோம். ஆய்வுக்கூடத்தில் அத்தகைய இடம் எவருக்கும் கிட்டியதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. எக்கிகளைக் கொண்டு இவற்றை வெளியேற்றலாம். ஆயினும் எஞ்சி நிற்பவை எத்தனை என்ற வினா எப்போதும் இருக்கும். வெற்றிடத்தைப் பற்றிய ஆய்வு என்பது இந்த எச்சத்தைக் குறைப்பதும் அளப்பதுமே ஆகும். இவ்விரண்டில் அளப்பது எவ்வளவு அருமையானது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் டேனியல் ஆல்பெர்ட்டின் (1917–2015) ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1942-இல் முனைவர் பட்டம் பெற்ற ஆல்பெர்ட், பிட்ஸ்பர்க் நகரையொட்டி இருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கு நடைபெற்ற முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று வாயு மின்னிறக்கம். அடைக்கப்பட்ட குழாயில் குறைந்த அழுத்தத்தில் உள்ள வாயுவின் ஊடே மின்னோட்டம் பாயும்போது வாயு ஒளிர்கிறது. நம் இல்லங்களில் எரிந்துவந்த குழல்விளக்கு இதற்கு எளிய சான்று. அதனுள் விரையும் எலக்ட்ரான்கள் பாதரச அணுக்களை மோதுகின்றன. கிளர்வுற்ற அணுக்கள் புற ஊதாக் கதிரை வெளியிடுகின்றன. கண்ணாடியின் உட்பூச்சு அதை நாம் காணும் ஒளியாக மாற்றுகிறது. ஓர் அணு வெளியிடும் கதிரை அண்டை அணு விழுங்கி மீண்டும் உமிழ்வதால், அது கைமாறிக் கைமாறித்தான் குழாயின் சுவரை அடைகிறது. பாதரச ஆவியில் நிகழும் இந்தக் ‘கதிர்ச் சிறைப்பாடு’ குறித்து ஆல்பெர்ட், மெக்கூப்ரி, ஹோல்ஸ்டீன் ஆகிய மூவரும் 1949-இல் ஆய்வுரை வெளியிட்டனர்.

இத்தகைய ஆய்வுகளுக்குப் பெருந்தடையாக இருந்தது மாசு. நியான் வாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆர்கான் கலந்தாலும் போதும். மின்னிறக்கம் தொடங்கத் தேவையான மின்னழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். கிளர்வுற்ற நியான் அணு தன்னிடம் தேங்கிய ஆற்றலை ஆர்கான் அணுவுக்கு அளித்து அதிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிடுவதே காரணம். எனவே ஒரு வாயுவின் உண்மை இயல்பை அறிய வேண்டுமாயின், அதை நிரப்பும் முன் கலத்தை இயன்ற அளவு வெறுமையாக்கியாக வேண்டும். வாயுவை ஆராயப் புகுந்தவர் வெற்றிடத்தை ஆராய நேர்ந்தது இவ்வாறுதான்.

வெற்றிட அழுத்தத்தை ‘டார்’ என்ற அலகால் குறிப்பது வழக்கம். பாதரசமானியில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிகரானது ஒரு டார். வளிமண்டலத்தின் அழுத்தம் 760 டார். 1940-களின் இறுதிவரை எத்தனை திறன்மிக்க எக்கியைப் பயன்படுத்தினாலும் அளவுமானி ஒரு டாரின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவில்லை. எக்கிகளின் ஆற்றல் அவ்வளவே எனப் பலர் முடிவு செய்தனர். ஆனால் சில ஆய்வாளர்கள் ஒரு முரணைக் கண்டனர். மானி காட்டும் அழுத்தம் உண்மையானால், தூய உலோகப் பரப்பின் மீது விரைவிலேயே மூலக்கூறுகள் படிந்திருக்க வேண்டும். பரப்போ நெடுநேரம் தூய்மை குன்றாமல் இருந்தது. அப்படியானால் கலத்தினுள் இருந்த வெற்றிடம் மானி சொன்னதைவிட மேலானதாக இருந்திருக்க வேண்டும்.

அக்காலத்து அயனிமானியின் அமைப்பை இங்கு அறிதல் நன்று. நடுவில் சூடான மின்னிழை. அதைச் சுற்றி நேர்மின் ஏற்றப்பட்ட கம்பிச்சுருள். அதற்கும் வெளியே உருளை வடிவிலான அகன்ற தகடு. மின்னிழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளை மோதி நேர் அயனிகளை உண்டாக்கும். அவை தகட்டை அடையும்போது எழும் மின்னோட்டமே அழுத்தத்தின் அளவு. ஆனால் எலக்ட்ரான்கள் கம்பிச்சுருளை மோதும்போது மெல்லிய எக்ஸ் கதிர்களும் பிறக்கின்றன. அவை தகட்டில் பட்டு அங்கிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. ஒரு நேர் அயனி வந்து சேர்வதையும் ஓர் எலக்ட்ரான் நீங்கிச் செல்வதையும் மின்னோட்டமானியால் வேறுபடுத்த இயலாது. கலத்தில் வாயு அறவே இல்லாவிடினும் மானி ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நாட்டிங்ஹாம் 1947-இல் இக்கருத்தை முன்வைத்தார்.

ஆல்பெர்ட்டும் அவருடன் பணியாற்றிய ராபர்ட் பேயார்டும் 1950-இல் இதற்குத் தீர்வு கண்டனர். மானியின் அமைப்பை அவர்கள் உள்வெளியாகத் திருப்பினர். மின்னிழையைக் கம்பிச்சுருளுக்கு வெளியே வைத்தனர். அகன்ற தகட்டை அகற்றிவிட்டு நடுவில் மெல்லிய கம்பி ஒன்றை நிறுத்தினர். எக்ஸ் கதிர் படும் பரப்பு பன்னூறு மடங்கு சுருங்கியதால் பொய்யான மின்னோட்டமும் அதே அளவில் ஒடுங்கியது. சுருளின் உள்ளே பிறக்கும் அயனிகளோ நடுக்கம்பியால் ஈர்க்கப்பட்டு வழக்கம்போல் வந்து சேர்ந்தன. இப்புதிய மானி, பழைய எல்லைக்கு நூறு மடங்கு கீழே, ஆயிரம் கோடியில் ஒரு பங்கு டார் வரையிலும் அதற்குக் கீழும் அளந்து காட்டியது. எக்கிகளின் குறை எனக் கருதப்பட்டது மானியின் குறையே என்பது உறுதியாயிற்று.

அளக்க முடிந்ததும் மேம்படுத்தவும் வழி பிறந்தது. கண்ணாடிக் கலம் முழுவதையும் 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, சுவரில் ஒட்டியிருந்த நீராவியை வெளியேற்றும் முறையை ஆல்பெர்ட் செம்மைப்படுத்தினார். பசை தடவிய பழைய அடைப்பான்கள் தாமே ஆவியைக் கசியவிட்டன. அவற்றுக்கு மாற்றாக, சூட்டைத் தாங்கும் முழு உலோக அடைப்பானை உருவாக்கினார். இத்தனைக்குப் பின்னும் அழுத்தம் மெல்ல உயர்வதேன் என்று ஆராய்ந்து, 1954-இல் பியூரிட்ஸ் என்பாருடன் சேர்ந்து விடை கண்டார். காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கே உள்ள ஹீலியம், திண்மையானதாகத் தோன்றும் கண்ணாடியை ஊடுருவி உள்ளே வந்துகொண்டிருந்தது. இதுபோன்ற நுண்ணிய வரவைக் கண்டறிய முடிந்தது புதிய மானியால்தான்.

மீயுயர் வெற்றிடம் எனப்படும் இந்நிலையிலும் ஒரு கன சென்டிமீட்டரில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. எனினும் ஒரு மூலக்கூறு மற்றொன்றை மோதாமல் செல்லும் சராசரித் தொலைவு சுமார் 500 கிலோமீட்டர் என்றால் அவற்றின் அருமை விளங்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் அழுத்தத்தில் ஓரிரு நொடிகளிலேயே மாசு படிந்துவிடும் உலோகப் பரப்பு, இங்குப் பல மணி நேரம் தூய்மையாக நிற்கும். திண்மப் பரப்புகளைப் பற்றிய அறிவியல் தனித்துறையாக வளர்ந்ததும், குறைக்கடத்திப் படலங்களை அணு அடுக்குகளாக வளர்க்க முடிந்ததும் இதனால்தான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் துகள் கற்றைகள் சுழலும் குழாய்களும் இத்தகைய வெற்றிடத்தையே நாடுகின்றன.

ஆல்பெர்ட் 1957-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆய்வுக்கூடம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கு 1960-இல் டொனால்டு பிட்சரின் தலைமையில் ‘பிளேட்டோ’ எனும் கணினிவழிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாணவருக்கான திரை, காட்டிய படத்தைத் தானே நினைவில் கொள்ள வேண்டும் என்ற தேவை எழுந்தது. பிட்சர், ஸ்லாட்டோ, வில்சன் ஆகியோர் 1964-இல் பிளாஸ்மா திரையை உருவாக்கினர். கண்ணாடித் தகடுகளுக்கிடையே நுண்ணிய அறைகளில் நிகழும் வாயு மின்னிறக்கமே அதன் ஒளி. அறைச் சுவரில் தங்கும் மின்னூட்டமே அதன் நினைவு. பின்னாளில் பிளாஸ்மா தொலைக்காட்சியாகப் பல இல்லங்களை அடைந்த அத்திரையின் உற்பத்தி 2014-ஐ ஒட்டிப் பெரிதும் நின்றுபோனது. பேயார்டு–ஆல்பெர்ட் மானியோ இன்றும் வெற்றிட ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆய்வாளர்கள் தம் கருவியின் எல்லையை இயற்கையின் எல்லையாகவும் எக்கியின் எல்லையாகவும் எண்ணியிருந்தனர். கருவி பழுதடையவில்லை, அது தன் இயல்பின்படியே எண்ணைக் காட்டியது. அந்த எண் கலத்தைப் பற்றியதா, கருவியைப் பற்றியதா என்று வினவத் துணிந்தபோதே முன்னேற்றம் வாய்த்தது. எத்துறையில் எதை அளக்க முற்படினும், அளவுகோல் தன்பங்காக எதைச் சேர்க்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.